பூட்டன் பிறந்த ஊர் எது? மலையகக் குடும்பங்களின் வேர்தேடலும் எஞ்சியிருக்கும் ஆவணங்களும்

கொழும்பில் தமிழர் இருவர் அறிமுகமானால் மூன்றாவது கேள்வியாகவோ நான்காவது கேள்வியாகவோ வந்துவிடும்: “உங்கட ஊர் எது?” வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னால் பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடும். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மலையகக் குடும்பத்துப் பிள்ளை “ஹற்றன்” என்று சொன்னால் அங்கே நிற்பதில்லை. “அதுக்கு முன்னம்?” என்று இன்னொரு கேள்வி வரும்.

“திருச்சிப் பக்கம்”, “மதுரைப் பக்கம்” என்பதற்கு மேல் பலரிடம் பதில் இல்லை. வந்தவரின் பெயர்கூடச் சில குடும்பங்களில் நிச்சயமில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். தோட்டத்தில் ஒரு தடவை, வன்னியில் பல தடவை, கடைசியாக 2009இல் ஒரு தடவை என்று இடம்பெயர்ந்தபோது இரும்புப் பெட்டியில் இருந்த பழைய கடதாசிகளும் போய்விட்டன.

இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்தால் மட்டும் கேட்கப்பட்ட ஒன்றல்ல. இந்த நாட்டில் ஒருவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதைப் பூட்டன் பிறந்த இடத்தை வைத்துத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது.

சட்டம் கேட்ட பூட்டன்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக ஏற்கப்பட வேண்டுமானால், தந்தை இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும். அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இலங்கையில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது 1867இல்தான். அதன் பிறகும் தோட்டங்களில் நடந்த பிறப்புகளில் பல ஒழுங்காகப் பதியப்படவில்லை. 1948இல் ஐம்பது வயதான ஒரு தொழிலாளியின் தந்தை 1870களில் லயத்துக் காம்பிராவில் பிறந்திருப்பார். அதற்கான அத்தாட்சிப் பத்திரத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? நாட்டின் ஏனைய மக்களில் பெரும்பாலானோரிடமும் பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருக்கவில்லை. ஆனால் அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

பிறகு 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. திருமணமானவர்கள் 7 வருடமும் ஏனையோர் 10 வருடமும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பான்மையோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே பூட்டனின் பேரப்பிள்ளைகளில் அண்ணன் இந்தியராகவும் தம்பி இலங்கையராகவும் ஆன குடும்பங்கள் உண்டு. இந்தப் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்களது வழித்தோன்றல்களையும் அது பிரஜைகளாக ஏற்றுக்கொண்டது.

“ஊர் எது?” என்ற கேள்வி அத்தோடு ஓயவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லையென்று கூறி விடுதிகளிலிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொல்வது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. சில வீடுகளில் பாட்டிமார் பழைய ஊரைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததற்கு மறதி மட்டும் காரணமல்ல.

ஏன் பதிவு இல்லை?

ஆவணம் தானாக உருவாவதில்லை. யாருக்கோ அது தேவைப்பட்டிருக்க வேண்டும். கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தருக்கு வரியும் ஊழியமும் தேவைப்பட்டன. அதனால் காணிகளையும் காணிக்காரரின் குடும்பங்களையும் தோம்புகளில் எழுதினார்கள். எஞ்சிய தோம்புகள் பலவற்றைக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் கூடம் பாதுகாக்கிறது. அன்று காணி வைத்திருந்த விவசாயியின் பெயர் கடதாசியில் ஏறியது.

மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் போன தமிழர்களிடம் காணி இல்லை, ஆனால் ஒப்பந்தம் இருந்தது. மெட்ராசிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் 1860 நவம்பரில் நேட்டால் போய்ச் சேர்ந்தவர்கள் தொடக்கம், ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என்று பட்டியல் எழுதப்பட்டது. இன்று டர்பனில் உள்ள ஒருவர் அந்தப் பட்டியலிலிருந்து பூட்டனின் கிராமத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது.

இலங்கைக்கு வந்தவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. அவர்களைக் கூட்டி வந்தது கங்காணி முறை. கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். கணக்கு அவரிடம்தான் இருந்தது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களை ஊர் ஊராக எழுதிவைக்கும் அவசியம் அரசுக்கும் இருக்கவில்லை, துரைக்கும் இருக்கவில்லை. வழியில் இறந்தவர்களுக்கும் பெயர்ப் பட்டியல் கிடையாது. ஆகவே ஊர் தெரியாமல் போனது உங்கள் குடும்பத்தின் குறையல்ல. அந்த மனிதரின் ஊரை எழுதிவைப்பது அன்று யாருக்கும் இலாபமாக இருக்கவில்லை.

சமூகத்தின் தொடக்கமே ஓர் அடையாள ஆண்டில்தான் நிற்கிறது. ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டத்தை வைத்து 1823 என்று கொள்கிறோம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை நடந்த ‘மலையகம் 200’ நடைபவனியும் அந்த ஆண்டை வைத்தே கணக்கிட்டது.

எங்கே தேடலாம்?

வேர்தேடலில் பலர் விடும் தவறு, தமிழ்நாட்டிலிருந்து தொடங்குவது. இங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் உங்கள் பெற்றோர், பிறகு பாட்டன், பிறகு பூட்டன்.

வீட்டில் எஞ்சியவற்றைப் பாருங்கள். பிறப்பு, இறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், பழைய பாடசாலை விடுகைப் பத்திரம், ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகள், 1949 சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, அதை நிராகரித்த கடிதம். குடும்பத்தை அலைக்கழித்த அந்தக் கடிதத்தில்தான் பாட்டனின் தோட்டமும் பிள்ளைகளின் பெயரும் இருக்கக்கூடும்.

யுத்தத்தில் பத்திரம் தொலைந்திருந்தால், பதிவு தொலைந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கையில் இருந்தது பிரதிதான். நுவரெலியாவிலோ கண்டியிலோ பதியப்பட்ட பிறப்பின் பதிவேடு பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் இருக்கலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். சரியான திகதி தெரியாவிட்டால் குறிப்பிட்ட காலப்பகுதியில் தேடித் தரும்படி கேட்கலாம்.

அடுத்தது தோட்டத்தின் பெயர். பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. தோட்டங்கள் கைமாறி, இணைந்து, பெயர் மாறியும் இருக்கின்றன. பழைய பெயர்களைப் பிடிக்க பெர்குசன் டிரெக்டரி உதவும். தோட்டங்கள், மாவட்டம், உரிமையாளர், துரைமார் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். குடும்பத்தில் யாரிடமாவது தகர டிக்கெட் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்கள் கழுத்தில் மாட்டியிருந்த அந்த வட்டத் தகரத்தில் தோட்டத்துக்குரிய எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களில் வேலை செய்தது. கத்தோலிக்கப் பங்குகளிலும் பழைய பதிவேடுகள் உண்டு.

தாயகம் திரும்பியவர்கள் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உறவினர் இருந்தால், அவர்களது பழைய இந்தியக் கடவுச்சீட்டிலோ குடும்ப அட்டையிலோ ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பில் இல்லாத கடதாசி கூடலூரில் இருக்கலாம்.

ஊர்ப் பெயர் கிடைத்தால்?

ஓர் உதாரணத்துக்கு, 1911இல் இறந்த பூட்டன் ஒருவரைப் பற்றி “ராமசாமி, திருச்சி” என்று ஒரு குறிப்பு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். உடனே திருச்சி நகரத்துக்கு ரிக்கெற் போடக்கூடாது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் இன்றைய அரியலூர், பெரம்பலூர், கரூர் வரை பரந்திருந்தது. அதோடு தோட்டத்துரைமாரின் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் 1904இலிருந்து திருச்சியில்தான் தலைமையகம் வைத்திருந்தது. எனவே ‘திருச்சி’ என்பது பிறந்த ஊராகவும் இருக்கலாம், ஆள் சேர்த்த இடமாகவும் இருக்கலாம். அதேபோல் அன்றைய சேலத்துக்குள் இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். அன்றைய மதுரைக்குள் திண்டுக்கல்லும் தேனியும் அடக்கம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். அதன் பதிவுகளும் தனி.

அடுத்த பொறி, ஒரே பெயர். ராமசாமி, முத்தையா, காளியம்மா என்ற பெயர்கள் எல்லா லயத்திலும் இருந்தன. எழுதுவினைஞர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். இது நமக்கு மட்டும் உள்ள சிக்கலல்ல. 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேய விவசாயிகளின் சந்ததிகளும், இங்கிலாந்தின் தேவாலயப் பதிவேடு ஒன்றில் அதே பெயரைக் கண்டதும் அவர்தான் தங்கள் மூதாதை என்று எழுதிவிட்டு, பின்னர் வந்த ஆய்வாளர்களால் திருத்தப்பட்டிருக்கிறார்கள். பெயரோடு தந்தை பெயர், மனைவி பெயர், வயது, தோட்டம் ஆகியவற்றில் இரண்டாவது ஒத்துவராமல் ‘இவர்தான்’ என்று முடிவு செய்யக்கூடாது.

தனி ஆள் கிடைக்காவிட்டால் கூட்டத்தைத் தேடுங்கள். கங்காணி தன் உறவுகளையும் அயலூர்க்காரரையும்தான் அழைத்து வந்தார். ஒரே கங்காணியின் கீழ் ஒரே லயத்தில் இருந்த நான்கு குடும்பங்களில் ஒரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்திருந்தால், மற்றவர்களுக்கும் அது வலுவான தடயம். குலதெய்வமும் அப்படித்தான். மாரியம்மன், முனியாண்டி என்றால் எங்கும் உண்டு. ஆனால் ஊர்ப் பெயரோடு சேர்த்து வழங்கும் தெய்வமென்றால் அது ஒரு கோவிலைக் காட்டும். பாட்டி எந்தச் சாமிக்கு முடி எடுத்து வைத்தார், பொங்கலில் யார் பெயரைச் சொல்லிப் படைத்தார் என்று கேளுங்கள்.

மரபணுப் பரிசோதனை உங்கள் மூதாதையர் தென்னிந்தியர் என்று சொல்லும். கிராமத்தைச் சொல்லாது. அது சில வேளை தூரத்து உறவினர் ஒருவரைக் காட்டலாம், அவரும் அதே பரிசோதனையைச் செய்திருந்தால்.

தேடும்போது சாதியும் சேர்ந்து வெளிவரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய பதிவுகளில் அது அப்பட்டமாக எழுதப்பட்டிருக்கும். குடும்பத்தில் சிலர் அதற்காகவே தேட வேண்டாம் என்பார்கள். கிடைத்ததை முகநூலில் போடுவதற்கு முன், உயிரோடிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

எவ்வளவு தெரியுமோ அவ்வளவு

குடும்ப மரத்தை எழுதும்போது பத்திரத்தில் கண்டதைப் பேனையாலும், கேட்டதையும் ஊகித்ததையும் பென்சிலாலும் எழுதுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். பலருக்கு அந்தத் தேடல் ஒரு தோட்டத்தின் பெயரோடு நின்றுவிடும். அது தோல்வியல்ல. “1890களில் மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தார், ஊர் தெரியாது” என்பது உண்மையான வரி. ஆதாரமில்லாத ஒரு கிராமத்தின் பெயரைவிட அது மதிப்புள்ளது.

எங்கள் பாட்டன்மாரிடம் பூட்டனைக் காட்டச் சொன்னது சட்டம். காட்ட முடியாதவர்களை நாடற்றவர்களாக்கியது. இன்று அந்தப் பதிலை யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. நமக்காகவே தேடலாம். 1964இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மன்னார் வழியைப் பற்றித் தன் பாட்டியிடம் நேரில் கேட்ட கடைசித் தலைமுறை அவர்கள்தான். சுவடிகள் கூடம் அடுத்த மாதமும் திறந்திருக்கும். முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள், தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு.