பொருக்கு கறுத்தால் எண்ணெய் தடவாதீர்கள்

ஆடி பிறந்தால் என் அறைக்கு வெளியே தொப்பி போட்ட இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆவணியில் கல்யாணம், அதற்குள் சொட்டையை மூடிவிடலாம் என்று அவசரமாக முடி நட்டுக்கொண்டவர்கள். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டாகும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. அது போகட்டும். எனக்குக் கோபம் வருவது, இவர்கள் வந்து சேரும் நாளைப் பார்த்துத்தான்.

அண்மையில் வந்தவருக்கு 28 வயது. தொப்பியைக் கழற்றினார். நடுமண்டையில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குக் கரி போல ஒரு பொருக்கு, ஓரத்தில் சீழ். முடி நட்டு 16 நாள். “ரெண்டாம் நாளே ஊதாவாத்தான் இருந்துச்சு டாக்டர். நட்ட இடத்துல போன் பண்ணிக் கேட்டேன், தானா சரியாயிடும்னாங்க. அம்மா மஞ்சள் குழைச்சுப் போட்டாங்க.” ரத்தம் போகாமல் அந்த இடத்துத் தோல் செத்துவிட்டது. இரண்டாம் நாள் வந்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்ற முயன்றிருக்கலாம்.

நெருக்கி நட்டால் அடர்த்தியா?

“எவ்வளவு நெருக்கமா முடியுமோ அவ்வளவு வச்சிடுங்க” என்று கேட்டு வாங்குகிறார்கள். நாற்று நட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், இடைவெளி எதற்கு என்று சொல்வார்கள். தலைக்கு ரத்தம் நெற்றி, பொட்டு, பிடரி ஆகிய பக்கங்களிலிருந்து ஏறி வருகிறது. நடுமண்டைதான் கடைமடை. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 30, 40 என்ற வழக்கமான அளவைத் தாண்டி நெருக்கி, ஆழமாகவும் கீறினால், சிறு குழாய்கள் வரிசையாக அறுபடும். ரத்தக் கசிவைக் குறைக்க ஊசியில் கலக்கும் அட்ரினலின் குழாய்களைச் சுருக்கும். சிகரெட்டும் சுருக்கும். சர்க்கரை நோயில் குழாய்கள் முன்பே பழுதுபட்டிருக்கும். ஏற்கெனவே ஒருமுறை நட்ட தலையில் தழும்பு வேறு. இத்தனையும் ஒரே தலையில் சேரும்போது தோல் என்ன செய்யும்?

‘மேல்தோல் வேலைதானே?’

இல்லை. பிடரியிலிருந்து தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் முறையில் கத்தி ஓர் இழை கூடுதல் ஆழம் போனாலும், பின்தலைக்கு உணர்வு தரும் நரம்பும் அதை ஒட்டி ஓடும் தமனியும் சிக்கும். கவனமுள்ள மருத்துவர் தோலடியில் உப்புநீர் ஏற்றி உப்ப வைத்து, குழாய்களிலிருந்து தோலைத் தூக்கிக்கொண்டுதான் வெட்டுவார். அந்த நிதானம் ஒரு நாளைக்கு நாலு தலை பார்க்கிற இடத்தில் எப்படி வரும்?

‘தையல் இல்லை, தழும்பு இல்லை, ஆபத்தே இல்லை’ என்று விளம்பரமாகும் முறையில், ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுக்கிறார்கள். துளைக்கும் கருவியின் வாய் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் ஒரே நாளில் 3,000 துளை என்பதை யோசியுங்கள். துளைக்குத் துளை புள்ளித் தழும்பு உண்டு. அளவுக்கு மீறி எடுத்தால் பிடரித் தோலும் சாகும்.

‘மரத்துப்போக வைக்கிற ஊசிதானே’ என்பது அடுத்தது. அந்த மருந்துக்கு உடல் எடைக்கேற்ற உச்ச அளவு இருக்கிறது. மீறினால் நாக்கு மரக்கும், காது இரையும், வலிப்பு வரும், இதயத் துடிப்பே குலையும். 2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் அதைத் தொடர்ந்து இறந்துபோனார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல், யூடியூப் பார்ப்பது முடி நடவுக்குப் பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டி வந்தது. எழுதும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

மரத்த தலையும் துடிக்கும் கட்டியும்

நட்ட பிறகு தலை சில வாரம், சில மாதம் மரத்திருப்பது சகஜம். பெரும்பாலும் உணர்வு திரும்பிவிடும். ஆனால் பிடரியில் ஓரிடத்தைத் தொட்டால் ‘ஷாக்’ அடிப்பது போல உச்சி வரை இழுத்தால், அறுந்த நரம்பின் நுனி முடிச்சிட்டிருக்கக்கூடும். அதற்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, வயிறு புண்ணாகி வருகிறார்கள்.

அரிதாக, சில வாரம் கழித்து ஒரு சிறு கட்டி கிளம்பி, விரல் வைத்தால் நாடி போலத் துடிக்கும். அடிபட்ட தமனி புடைத்திருக்கலாம்; தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிட்டிருக்கலாம். கொழுப்புக் கட்டி என்று நினைத்து அதைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

தயவுசெய்து

மஞ்சள், சோற்றுக் கற்றாழை, வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய். எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான பச்சைக் காயங்கள் உள்ள தலையில் அப்பிப் பார்த்தாயிற்று. செத்த தோலை எந்த எண்ணெயும் உயிர்ப்பிக்காது; அடியில் சீழ் கோப்பதை மறைக்கும், அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம்.

முடி நடுவதற்கு முன்பே ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் தன்மை, இ.சி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள்.

புகையையும் வாயில் அடக்கும் புகையிலையையும் முன்னும் பின்னும் சில வாரங்களாவது விடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ எதைச் சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. கீறப்போவது யார், அவர் தோல் மருத்துவரா, அறுவை மருத்துவரா, கடைசி வரை அறையில் இருப்பாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பணம் கட்டுகிறவர் கேட்கலாம்.

சாதாரணப் பொருக்கு பழுப்பாக இருந்து பத்து நாளுக்குள் உதிரும். நட்ட இடம் ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறினால், வலி குறையாமல் கூடினால், அன்றைக்கே வாருங்கள். ராத்திரியானாலும் பரவாயில்லை. வரும்போது மட்டும் தலையில் எதையும் தடவிக்கொண்டு வராதீர்கள். அதைக் கழுவவே அரை மணி நேரம் போகிறது.