பெருங்கணினி வரிசையாக்க நிரலின் வழித் தரவுத்தொகுப்புகளைப் படியெடுத்தல்

1. முன்னுரை

மொழியாய்வுக்கெனத் திரட்டப்பெறும் தரவுகள் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கும், ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்கும் அவ்வப்போது மாற்றப்பெறுகின்றன. ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதுங்கால் பாடவேறுபாடுகள் தோன்றியமை போன்றே, கணினித் தரவுகளைப் படியெடுக்குங்காலும் பிழைகள் நேர்தல் உண்டு. சுவடியில் நேர்ந்த பிழையைப் பிற படிகளோடு ஒப்பிட்டுக் களையலாம். ஆனால் ஒரே படியாக எஞ்சிய தரவுத்தொகுப்பில் உரைத்தொடர்களின் வரிசை ஒருமுறை சிதைந்துவிடின் அதனை மீட்டல் அரிது.

ஐ.பி.எம். பெருங்கணினிகளில் டிஎஃப்சார்ட் என்னும் வரிசையாக்க நிரலே படியெடுப்பதற்கும் பயன்படுகின்றது. வரிசைப்படுத்துவதற்கென அமைந்த நிரல் வரிசையை மாற்றாது படியெடுப்பது எவ்வாறு என்பதும், அதனைக் கையாளும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்திற்கொள்ள வேண்டுவன யாவை என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்பெறுகின்றன.

2. பின்புலம்

1960களில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பெற்ற ஆங்கிலத் தரவகம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளால் ஆயது. ஏறத்தாழ 10 இலட்சம் சொற்கள் கொண்ட இத்தொகுப்பு காந்த நாடாவில் ஆய்வாளர்க்கு வழங்கப்பெற்றது. துளையட்டையில் 80 நிரல்கள் இருந்தமையால், பதிவு ஒன்றுக்கு 80 பைட் என்னும் நீளம் பெருங்கணினிகளில் நிலைபெற்றது. இன்றும் அந்நீளம் வழக்கில் உள்ளது.

1964ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற சிஸ்டம்/360 பொறிவரிசைக்கென அமைந்த இயக்கமுறைமையில், படியெடுப்பதற்கு ஐஇபிஜெனர் என்னும் பயன்நிரல் உள்ளது. வரிசையாக்க நிரல்களோ பெருந்தரவுகளை விரைந்து படிக்கவும் எழுதவும் தனித்திறன் பெற்று வளர்ந்தன. இத்திறனைப் படியெடுப்பிற்கும் பயன்கொள்ளும் நோக்கில் டிஎஃப்சார்ட்டுடன் ஐஸ்ஜெனர் என்னும் துணைநிரல் வழங்கப்பெறுகின்றது. ஐஇபிஜெனருக்கென எழுதப்பெற்ற பணியை இது ஏற்று, இயலுமாயின் வரிசையாக்க நிரலின் வழியே படியெடுக்கும். இயலாதாயின் ஐஇபிஜெனரிடமே பணியை ஒப்படைக்கும்.

3. படியெடுப்புக் கட்டளை

மூலத் தொகுப்பு சார்ட்இன் என்ற பெயராலும், படி சார்ட்அவுட் என்ற பெயராலும், கட்டளைகள் சிஸ்இன் என்ற பெயராலும் நிரலுக்கு அறிவிக்கப்பெறுகின்றன. சிஸ்இன்னில் 'சார்ட் ஃபீல்ட்ஸ்=காப்பி' அல்லது 'ஆப்ஷன் காப்பி' என்னும் கட்டளை ஒன்றே போதுமானது. வரிசையாக்கத்தின்போது தேவைப்படும் தற்காலிகப் பணித்தொகுப்புகள் இங்குத் தேவையில்லை. பதிவுகள் வந்த வரிசையிலேயே வெளிச்செல்கின்றன.

இக்கட்டளையை மொழிபெயர்ப்பதில் இடர்ப்பாடு உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'புலங்களை வரிசைப்படுத்திப் படியெடு' என்று எழுதின் பொருள் இருவகையிற் பிறழும். முதலாவது, இக்கட்டளை எதனையும் வரிசைப்படுத்துவதில்லை. இரண்டாவது, புலங்கள் மட்டுமன்றி முழுப் பதிவும் படியெடுக்கப்பெறுகின்றது. வரிசையாக்கத்திற்குரிய திறவுபுலம் குறிக்கப்பெற வேண்டிய இடத்தில் 'காப்பி' என்னும் சொல் அமைந்து, வரிசையாக்கத்தை விலக்குகின்றது. எனவே, 'வரிசை மாற்றாது படியெடு' என்று பொருள் நோக்கிப் பெயர்த்தலே தக்கது.

4. தெரிந்தெடுத்துப் படியெடுத்தல்

தொகுப்பு முழுவதையும் அன்றி ஒரு பகுதியை மட்டும் பெறுதலும் இயலும். இன்க்ளூட், ஒமிட் ஆகியன நிபந்தனைக்கேற்பப் பதிவுகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவுவன. ஸ்கிப்ரெக் தொடக்கப் பதிவுகளுள் குறித்த எண்ணிக்கையைத் தாண்டிச் செல்லும். ஸ்டாப்ஆஃப்ட் குறித்த எண்ணிக்கையில் நிறுத்தும். அவுட்ஃபில் கட்டளையின் சாம்பிள் உறுப்பு சீரான இடைவெளியில் பதிவுகளைத் தெரிந்தெடுக்கும்; மாதிரி ஆய்வு செய்வார்க்கு இது பெரிதும் பயன்படும்.

இக்கட்டளைகள் எழுதப்பெறும் வரிசை வேறு. செயற்படும் வரிசை வேறு. எவ்வரிசையில் எழுதினும் நிரல் தனக்குரிய நிலையான ஒழுங்கிலேயே அவற்றைச் செயற்படுத்தும். ஸ்கிப்ரெக் முதலிலும், இன்க்ளூட் அடுத்தும், ஸ்டாப்ஆஃப்ட் அதன் பின்னரும் செயற்படுகின்றன. ஆகவே ஸ்கிப்ரெக் எண்ணுவது மூலத்தின் பதிவுகளை. ஸ்டாப்ஆஃப்ட் எண்ணுவது நிபந்தனையைக் கடந்து வந்த பதிவுகளை. இவ்வேறுபாட்டை உணராதார் பெறும் மாதிரி, அவர் கருதிய மாதிரியாக இராது.

5. வரிசையெண் இடுதல்

தொடருரையை அகரவரிசைப்படுத்திச் சொல்லடைவு ஆக்குமுன், ஒவ்வொரு பதிவிற்கும் வரிசையெண் இட்டுப் படியெடுத்தல் இன்றியமையாதது. சீக்நம் என்னும் உறுப்பு இதற்கு உதவுகின்றது. இது இன்ரெக், அவுட்ரெக் ஆகிய இரண்டிலும் இடம்பெறலாம். இன்ரெக் வரிசையாக்கத்திற்கு முன்னரும், அவுட்ரெக் அதன் பின்னரும் செயற்படும். வரிசையாக்கத்தோடு சேர்த்து எண்ணிடுங்கால், இன்ரெக்கில் இட்டால் மூல வரிசை பதிவாகும். அவுட்ரெக்கில் இட்டால் புதிய வரிசையே பதிவாகும். முன்னதனைக் கொண்டே மூலப் பனுவலை மீண்டும் அமைத்தல் கூடும்.

ஒரே திறவு கொண்ட பதிவுகளின் முன்பின் நிலை வரிசையாக்கத்தில் மாறாதிருக்க ஈக்குவல்ஸ் என்னும் விருப்பத்தேர்வு உண்டு. ஆயினும் அது ஒத்த திறவுகளுக்குள் மட்டுமே மூல வரிசையைக் காக்கும். முழுப் பனுவலின் வரிசையைக் காப்பது வரிசையெண்ணே.

6. தமிழ்த் தரவும் பைட் கணக்கும்

படியெடுக்கும் நிரலுக்கு எழுத்து என்பது இல்லை. பைட் மட்டுமே உண்டு. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் இருத்தலின் அது 15 பைட் ஆகின்றது. 80 பைட் பதிவில் 26 குறியீடுகள் மட்டும் அடங்கி 2 பைட் எஞ்சும். நீண்ட வரியை 80 பைட்டில் வெட்டிப் படியெடுத்தால் ஒரு குறியீடு இரண்டாகப் பிளவுபடக்கூடும். இவ்வாறு நேர்வதைத் தவிர்க்க மாறுநீளப் பதிவுகள் ஏற்றவை. அவற்றின் தொடக்கத்தில் நீளம் குறிக்கும் 4 பைட் உள்ளமையால், உரையின் முதல் பைட் 5ஆம் இடத்தில் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும்.

பெருங்கணினிக்குரிய எப்சிடிக் குறிமுறையில் வெற்றிடத்தின் பதினாறடிமான மதிப்பு 40. யுடிஎஃப்-8இல் அது 20. யுடிஎஃப்-8இல் 40 என்பது @ குறியாகும். தமிழ்த் தரவின் இடையே நிரல் எப்சிடிக் வெற்றிடங்களை இட்டு நிரப்பின், பிற கணினிகளில் அவ்விடங்கள் @ குறிகளாகத் தோன்றும். இத்தகைய தரவைப் பிற கணினிகளுக்கு அனுப்புங்கால் குறிமாற்றம் செய்யாத இருமநிலைப் பரிமாற்றமே கொள்ளத்தக்கது.

படியெடுப்பில் பைட் வரிசை மாறாதாகலின் தமிழ் அகரவரிசைச் சிக்கல் எழுவதில்லை. அதே நிரலால் வரிசைப்படுத்தத் தொடங்கியவுடன் அச்சிக்கல் எழுகின்றது. தமிழ் மரபில் மணம், மரம், மலர், மறம், மனம் என்பது முறை. ஒருங்குறி எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்றலின் மணம், மனம், மரம், மறம், மலர் என அமையும். மரபில் 'மக்கள்' முன்னும் 'மகன்' பின்னும் வரும். எண்வரிசையில் புள்ளி பிற்பட நிற்றலின் இது தலைகீழாகும். எனவே, மரபு வரிசைக்கேற்ற எண்களால் ஆய தனித் திறவுபுலம் ஒன்றை முன்னரே ஆக்கிச் சொல்லுக்கு அருகில் அமைத்து, அதனைக் கொண்டு வரிசைப்படுத்துதல் வேண்டும்.

7. சரிபார்த்தல்

பணி முடிவில் உட்சென்ற பதிவுகளின் எண்ணிக்கையும் வெளிவந்தவற்றின் எண்ணிக்கையும் சிஸ்அவுட்டில் அச்சாகும். முழுப்படியாயின் இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். எண்ணிக்கை ஒத்திருத்தல் உள்ளடக்கம் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது; வரியின் இறுதி வெட்டுண்டபோதும் எண்ணிக்கை மாறாது. ஆதலின் பதிவு நீளம், பதிவு அமைப்பு ஆகியவற்றை ஒப்பிடுதலும், மூலத்தையும் படியையும் பைட் வாரியாக ஒத்துப்பார்த்தலும் தேவை.

8. முடிவுரை

வரிசையாக்க நிரலின் படியெடுப்பு, விரைவும் எளிமையும் உடையது. எனினும் பதிவு நீளம், குறிமுறை, கட்டளைகளின் செயல்வரிசை ஆகிய மூன்றையும் உணர்ந்து கையாளுவார்க்கே அது நம்பத்தக்க படியைத் தரும். மூலத்தை மாற்றாது ஒரு படி எடுத்து வைத்து, வரிசையெண் இட்ட மறுபடியிலேயே ஆய்வைத் தொடங்குதல் தரவகப் பணியின் முதல் நெறியாதல் வேண்டும். இந்நிரல்களின் கையேடுகளைத் தமிழில் பெயர்ப்போர், ஆணையின் சொல்லைவிட அதன் செயலை நோக்கிக் கலைச்சொல் ஆக்குவாராயின், அந்நெறி பயனர்க்கும் எளிதில் விளங்கும்.