வளிக்குழாயும் அதன் விலையும்

பெற்றோல் குடித்து ஓடும் வண்டி என்று காரைச் சொல்வது உலக வழக்கு. ஆயின், கணக்கெடுத்துப் பார்க்குமிடத்து, அது குடிக்கும் பெற்றோலைவிட உள்ளிழுக்கும் வளியே பன்மடங்கு அதிகமாகும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்து முடிவதற்குள் ஏறக்குறைய 9,000 லீற்றர் வளி எஞ்சினுக்குள் சென்றுவிடுகிறது. சிறிய குளியலறை ஒன்றை நிரப்பக்கூடிய வளி அது. இவ்வளவும் ஒரு குழாயின் வழியாகவும் ஒரு வடிகட்டியின் வழியாகவுமே புகுதல் வேண்டும்.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு வியாபாரமே எழுந்துள்ளது. கார் செய்த நிறுவனம் பொருத்திய குழாயையும் வடிகட்டியையும் கழற்றிவிட்டு, வேறு நிறுவனங்கள் செய்து விற்பவற்றை வாங்கிப் பூட்டும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. கலிபோர்ணியா மாநிலத்து றிவர்சைட் நகரில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய கே அன்ட் என் நிறுவனம் எண்ணெயில் தோய்த்த பருத்தித்துணி வடிகட்டியாற் பெயர் பெற்றது. இன்று இத்துறையில் நிறுவனங்கள் பல உள. வடிகட்டியும் அலுமினியக் குழாயும் சேர்ந்த முழுத் தொகுதி ஒன்றின் விலை அங்கே பெரும்பாலும் 200 முதல் 400 டொலர் வரையில் இருக்கும். எஞ்சினின் வலிமை கூடும், பெற்றோல் மிச்சமாகும் என்பன விற்போர் கூறும் பயன்கள். கொடுக்கும் விலைக்கு அப்பயன்கள் கிட்டுமா என்பதே ஆராயத்தக்கது.

முதலில், தொழிற்சாலை பொருத்தி அனுப்பும் அமைப்பைக் கவனித்தல் நன்று. பெரும்பாலான புதிய கார்களில் வளி புகும் வாய், எஞ்சினின் வெப்பம் எட்டாதவாறு வண்டியின் முன்பக்கத்தே அமைந்திருக்கும். அடுத்து மூடிய பெட்டி ஒன்றினுள்ளே மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி இருக்கும். குழாயின் பக்கத்தில் வெறும் அறைகள் போன்ற சில உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்க்கு அவை வீண் என்றே தோன்றும். அவை வீணல்ல. செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து விளக்கிய ஒலித் தத்துவத்தின்படி, எஞ்சின் வளியை உறிஞ்சும்போது எழும் இரைச்சலை விழுங்குவதற்காக அமைந்தவை அவ்வறைகள். ஆகவே, குளிர்ந்த வளி, தூசியற்ற வளி, ஓசையின்மை என்னும் மூன்றையும் ஒருங்கே கருதி அமைந்தது அவ்வமைப்பு.

இனி, இதனை மாற்றுவதால் எவ்வளவு வலிமை கூடலாம்? இரண்டு லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது, செக்கனுக்கு நூறு லீற்றர் அளவு வளியை இழுக்க முயல்கிறது. அவ்வேளை வடிகட்டியும் குழாயும் சிறிது தடை செய்வது உண்மையே. வெளியிலுள்ள வளியமுக்கத்தை நூறு பங்காகக் கொண்டு, அத்தடையால் இரண்டு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தடை முழுவதையும் நீக்கினாலும் மீளக் கிடைப்பது அந்த இரண்டு பங்கேயாகும். 150 குதிரைவலு எஞ்சினுக்கு அது மூன்று குதிரைவலு. இழந்ததற்கு மேல் மீட்பதற்கில்லை. இதுவும் எஞ்சின் உச்ச வேகத்தில் முழு வலிமையோடு ஓடும் சில கணங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அன்றாட ஓட்டத்தின் நிலை வேறு. பெற்றோல் எஞ்சினின் கழுத்தில் திறோட்டில் எனப்படும் தட்டொன்று உண்டு. சாரதி அக்சிலேற்றரை மிதிக்க அது திறக்கும். காலை எடுக்க மூடும். நகரத் தெருவிலும் நெடுஞ்சாலையிலும் சீராக ஓடும்போது அத்தட்டுப் பெரும்பாலும் சிறிதளவே திறந்திருக்கும். அதாவது, எஞ்சினுக்குச் செல்லும் வளியைச் சாரதியே வேண்டுமென்று மறித்து வைத்திருக்கிறார். வாயிற்கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு, வீதியை அகலமாக்கினால் வீட்டினுள் கூட்டம் விரைந்து வருமோ? வராது. முன்னே உள்ள குழாயை மாற்றியதன் பயன் இங்கே தோன்றுவதற்கே இடமில்லை.

பெற்றோல் மிச்சமாகும் என்ற கூற்றையும் இதனைக் கொண்டே அளந்துவிடலாம். அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தினர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. அவர்கள் புதிய வகைக் கார்களின் வடிகட்டியை மிகுதியாக அடைத்துவிட்டுச் செலவாகும் பெற்றோலை அளந்தனர். அடைத்த வடிகட்டியோடும் தூய வடிகட்டியோடும் ஓட்டியதில் பெற்றோல் செலவிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எஞ்சினுட் புகும் வளியைக் கணினி அளந்து அதற்கேற்ற பெற்றோலையே தெளிப்பதே காரணம். காபரேற்றர் பொருத்திய பழைய காரில் மட்டும், தூய வடிகட்டியால் 2 முதல் 6 வீதம் வரையிலான நன்மை கிட்டியது. அடைபட்ட வடிகட்டியே புதிய காரின் பெற்றோற் செலவை மாற்றவில்லை என்றால், நல்ல நிலையிலுள்ள வடிகட்டியை நீக்கி இன்னும் தாராளமானதை வைப்பதால் மிச்சமாவது என்ன?

வடிகட்டியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். குறைந்த விலைத் தொகுதிகள் பலவற்றில் குட்டைக்குழாய் ஒன்றின் நுனியில் கூம்பு வடிவான வடிகட்டி, பொனற்றின் கீழே திறந்தபடி நிற்கும். அங்கே உள்ளது எஞ்சினின் வெப்பத்தால் சூடேறிய வளி. வெப்பம் ஏற வளியின் அடர்த்தி குறையும். 30 பாகை வெப்பமுள்ள வளிக்குப் பதிலாக 60 பாகை வளியை இழுத்தால், அதே கனவளவில் ஏறத்தாழ 9 வீதம் குறைந்த வளியே உட்செல்லும். இரண்டு வீதத்தைத் தேடிப்போய் ஒன்பது வீதத்தை இழந்த கதையாகும். பொனற்றைத் திறந்து, முன்னே பெரிய விசிறியைச் சுழலவிட்டுச் செய்யும் பரிசோதனைகளில் இக்குறை வெளிப்படுவதில்லை. ஆகவே, விளம்பரத்திற் காட்டும் எண் எந்நிலையில் அளக்கப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும்.

ஓடும் வேகமே வளியை உள்ளே தள்ளிவிடும் என்று சொல்வோரும் உளர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்றுத் தரும் மேலதிக அமுக்கம், வளிமண்டல அமுக்கத்தில் அரை வீதத்துக்கும் குறைவு. சாலை ஓட்டத்துக்கு அதனால் விளையும் நன்மை அற்பமே.

அப்படியாயின், வாங்கிப் பூட்டியோர் பலர் வண்டிக்கு வேகம் கூடியதாகச் சொல்வது ஏன்? அவர்கள் பொய் கூறுகின்றனர் என்பதற்கில்லை. ஒலியை விழுங்கும் அறைகள் அகன்றதும் எஞ்சினின் முழக்கம் காதில் வந்து விழுகிறது. முழக்கத்தைக் கேட்ட மனம் வேகத்தை உணர்கிறது. அம்முழக்கத்தை விரும்பி, அதற்கென்றே பணம் கொடுப்பதில் தவறில்லை. வலிமையென்று எண்ணி ஓசையை வாங்குவதுதான் ஏமாற்றம்.

விலையோடு வேறு சில இடர்களும் சேர்ந்து வரும். தாராளமாக வளி விடும் வடிகட்டி நுண்ணிய தூசியையும் விட்டுவிடுமாயின், அத்தூசி உருளையின் சுவரை அராவும். எண்ணெய் வடிகட்டியில் எண்ணெயை அளவுக்கு மிஞ்சிப் பூசினால், வளியை அளக்கும் சூட்டுக்கம்பியில் அது படிந்து, கணினிக்குத் தவறான அளவைத் தரும். குழாயின் விட்டம் மாறினாலும் அவ்வளவு பிழைபடும். குளிர்ந்த வளியை நாடிப் பம்பருக்குக் கீழே தாழ இறக்கிய நீண்ட குழாயோ, வெள்ளம் நின்ற தெருவில் நீரை உறிஞ்சிவிடக்கூடும். வளியைப்போல் நீர் நெருங்கி அடங்குவதில்லை. ஆகையால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும், எஞ்சினே பாழாகும். சில நூறு டொலருக்கு வாங்கிய குழாய் சில ஆயிரம் டொலர்ச் செலவைக் கொண்டுவந்து சேர்க்கும்.

சட்டமும் குறுக்கிடும். கலிபோர்ணியாவில், மாநில வளி வளச் சபையின் விலக்கு ஆணை பெறாத குழாயைப் பொதுத் தெருவில் ஓடும் வண்டியிற் பூட்டினால், புகைப் பரிசோதனையில் அவ்வண்டி தேறாது. காரின் உத்தரவாதம் பற்றி அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. வேற்று உறுப்பைப் பூட்டியதை மட்டுமே காட்டி உத்தரவாதத்தை மறுத்தல் அதன்படி ஆகாது. எனினும், அவ்வுறுப்பால் விளைந்த கேடு என்று நாட்டப்பட்டால், செலவு உடையவரையே சாரும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின், இக்குழாய் எவர்க்கு ஏற்றது என்பது தெளிவாகும். பந்தயத்தில் எஞ்சினை உச்ச வேகத்திலேயே ஓட்டுபவர்க்கு மூன்று குதிரைவலுவும் பெரிது. வளியை அமுக்கி ஊட்டும் டேர்போ எஞ்சினின் அமுக்கத்தைக் கூட்டி, கணினியையும் திருத்தி அமைப்பவர்க்கு, பழைய குழாய் மெய்யாகவே ஒடுங்கியதாகிவிடலாம். வேலைக்குப் போய் வருவதற்கும் குடும்பத்தோடு பயணம் செய்வதற்கும் கார் வைத்திருப்பவர்க்கு அது தேவையற்ற செலவு.

அத்தகையவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. முன்னே கூறிய 2009ஆம் ஆண்டின் ஆய்வில், மிகுதியாக அடைபட்ட வடிகட்டியை நீக்கிப் புதியதை இட்டபோது, வண்டி வேகமெடுக்கும் திறன் 6 முதல் 11 வீதம் வரை சீரடைந்தது. விலையுயர்ந்த குழாய் எதுவும் அங்கே பூட்டப்படவில்லை. ஆகவே, கைந்நூலிற் குறித்த தவணையிலும், புழுதி மிக்க வீதிகளில் ஓடும் வண்டியாயின் அதற்கு முன்னரும், பெட்டியைத் திறந்து காகித வடிகட்டியைப் பார்த்தல் வேண்டும். கறுத்து அடைந்திருப்பின் புதியதை இடுதல் வேண்டும். அதன் விலை முழுத் தொகுதியின் விலையில் ஒரு சிறு பங்கே. அதைக் கழற்றிப் பூட்டுவதும் பெரும்பாலான கார்களில் சில நிமிட வேலையே.