அவகாசம் தீர்ந்த ஒரு வாரம்

1914 ஜூன் மாதக் கடைசியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. சண்டைக்கு அல்ல, அங்கே ஆண்டுதோறும் நடக்கும் படகுப் போட்டி விழாவுக்கு விருந்தாளிகளாக. ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அந்த விழாவின் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அடுத்த 37-ஆம் நாள், ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டனும் ஜெர்மனியும் போரில் இறங்கியிருந்தன. முதல் உலகப் போருக்குப் பாடநூல்கள் சொல்லும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவை: கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனி ஆசை, தேசியவெறி. இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இவையெல்லாம் அதற்கு முந்தைய பத்து, இருபது ஆண்டுகளாகவே இருந்தவை. அப்போதெல்லாம் வராத போர் 1914 ஆகஸ்டில் மட்டும் ஏன் வந்தது என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

அதற்கு முன் போர் மூளும் என்று ஐரோப்பா அஞ்சிய தருணங்கள் குறைவில்லை. 1905-ல் மொராக்கோவுக்காக பிரான்சும் ஜெர்மனியும் முறைத்துக்கொண்டன; மறு ஆண்டு அல்ஜெசிராஸ் மாநாடு அதைத் தீர்த்தது. 1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது ரஷ்யா பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கியது. 1911-ல் ஜெர்மனி அகாதிர் துறைமுகத்துக்குப் பீரங்கிப் படகை அனுப்பியது. சில மாதப் பேச்சுக்குப் பின் ஆப்பிரிக்க நிலம் கொஞ்சம் கைமாறியதோடு விவகாரம் முடிந்தது. 1912-13 பால்கன் போர்கள் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ள வல்லரசுகளின் தூதர்கள் லண்டனில் கூடினார்கள். பிரிட்டன்-ஜெர்மனி கடற்படைப் போட்டிகூட 1912-க்குப் பின் தணியத் தொடங்கியிருந்தது. பாக்தாத் ரயில் பாதை பற்றி இருவருக்கும் இருந்த தகராறு, சரயேவோ கொலைக்குச் சில நாட்கள் முன்புதான் உடன்பாட்டுக்கு வந்திருந்தது. பகைமை உச்சத்தில் இருந்ததால் போர் வந்தது என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை. முந்தைய நெருக்கடிகள் ஒவ்வொன்றிலும் பேசுவதற்கு வாரங்களோ மாதங்களோ கிடைத்தன. 1914-ல் அந்த அவகாசம் கடைசி வாரத்தில் மணிக்கணக்காகச் சுருங்கியது. அதுதான் வித்தியாசம்.

அவகாசத்தைச் சுருக்கியது ராணுவத் திட்டம். கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ் என இரு பக்கமும் எதிரிகளைக் கொண்ட ஜெர்மனி, ஷ்லீஃபன் என்ற தளபதியின் பெயரால் அறியப்படும் திட்டத்தை நம்பியிருந்தது. முதலில் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து ஏறத்தாழ ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்த வேண்டும். பரந்த ரஷ்யா தன் படைகளைத் திரட்டி முடிப்பதற்குள் ரயிலேறிக் கிழக்கே திரும்பிவிட வேண்டும். ரஷ்யாவின் தாமதம்தான் இந்தத் திட்டத்தின் அச்சாணி. ஆகவே ரஷ்யா படைதிரட்டத் தொடங்கிய பின் பேச்சுவார்த்தையில் கழியும் ஒவ்வொரு நாளும் பெர்லினின் கணக்கில் நஷ்டம். இன்னொரு சிக்கலும் இருந்தது. மற்ற நாடுகள் படையைத் திரட்டி எல்லையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். ஜெர்மனியின் திட்டமோ, படைதிரட்டலின் முதல் நாட்களிலேயே பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைப் பிடித்தாக வேண்டும் என்று வகுக்கப்பட்டிருந்தது. அங்கே படைதிரட்டல் என்றாலே போர்தான்.

ஜூலை 23 மாலை ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. பெரும்பாலான நிபந்தனைகளை செர்பியா ஏற்றது. அந்தப் பதிலை 28-ஆம் தேதி காலையில் படித்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், போருக்கான காரணமே மறைந்துவிட்டது என்றார். ஆஸ்திரியப் படை பெல்கிரேடில் நின்றுகொண்டு பேசட்டும் என்றும் யோசனை சொன்னார். ஆனால் அன்றே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது. 29-ஆம் தேதி முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் தந்த ரஷ்ய ஜார் நிக்கோலஸ், உறவினரான வில்ஹெல்மின் தந்தியைக் கண்டதும் அன்றிரவே அதை ரத்து செய்து பகுதி அளவாகக் குறைத்தார். பகுதி அளவில் படைதிரட்டினால் ரயில் ஏற்பாடுகள் முழுவதும் குழம்பிவிடும் என்று தளபதிகள் வாதிட்டார்கள். மறுநாள் ஜார் மீண்டும் இணங்கினார். 31-ஆம் தேதி ஜெர்மனி ரஷ்யாவுக்குக் கொடுத்த கெடு வெறும் 12 மணி நேரம். போரைத் தவிர்க்க விரும்பிய தருணங்கள் இரு பேரரசர்களுக்கும் வந்தன. அந்த விருப்பம் செயலாவதற்குள் அடுத்த உத்தரவு புறப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 1 மாலை நடந்தது இதன் உச்சம். பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று பொருள்படும் தந்தி லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து வந்தது. மகிழ்ந்துபோன வில்ஹெல்ம், முழுப் படையையும் கிழக்கே திருப்புமாறு தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் சொன்னார். முடியாது என்றார் மோல்ட்கே. ஆயிரக்கணக்கான ரயில்களின் ஓட்டத்தை ஓரிரவில் மாற்ற இயலாது, மாற்றினால் மிஞ்சுவது படையல்ல, கும்பல் என்பது அவர் வாதம். தந்தியே தவறான புரிதலில் விளைந்தது என்று சற்று நேரத்தில் தெரிந்தது. ஆனால் மோல்ட்கேயின் பதில் சரிதானா? அப்படித் திருப்பியிருக்க முடியும் என்று காட்டுவதற்கே ராணுவ ரயில்வே பிரிவின் தலைவர் ஷ்டாப் போருக்குப் பின் ஒரு புத்தகம் எழுதினார். முழுப் படையையும் கிழக்கே நிறுத்தும் மாற்றுத் திட்டத்தை ஜெர்மனி 1913-லேயே கைவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்டவாளம் தடுக்கவில்லை, வேறு வழியை முன்கூட்டி யோசித்து வைக்காததுதான் தடுத்தது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961-ல் வெளியிட்ட நூல், அவசரத்தில் நேர்ந்த விபத்தல்ல இது, ஜெர்மனியின் ஆதிக்கத் திட்டம் என்றது. ஜூலை 5 அன்றே ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை வாக்களித்தது பெர்லின். 1912-லேயே மோல்ட்கே, போர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்று பேசியவர். இதில் பெரும்பகுதியை ஏற்கலாம். ஆனால் அந்தச் சீக்கிரம் எதற்காக? ரஷ்யாவின் ராணுவ விரிவாக்கம் 1917-ல் முடிந்துவிடும், அதன்பின் வெல்ல முடியாது என்ற அச்சம். போரை விரும்பியவர்களையும் பிடரியில் கைவைத்துத் தள்ளியது கடிகாரமே. இது பொறுப்பைக் கழுவிவிடுவது ஆகாது. நாளை தாமதமாகிவிடும் என்று நம்பும் தலைமைதான் இன்றே சூதாடத் துணியும்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. கொலைக்கும் கெடுவுக்கும் இடையே 25 நாட்கள் இருந்தனவே, அது அவகாசம் இல்லையா? இருந்தது, ஆனால் மறைத்து வைக்கப்பட்ட அவகாசம். அறுவடைக்காக விடுப்பில் போன சிப்பாய்கள் திரும்பட்டும், ரஷ்யா வந்திருக்கும் பிரெஞ்சு அதிபர் புவான்கரே கப்பலேறட்டும் என்று வியன்னா காத்திருந்தது. பெர்லினில் வழக்கமான கோடை விடுமுறை நடந்தது. கெடு வெளியானபோது எதிர்த்தரப்புக்குக் கிடைத்தவை மணிகள் மட்டுமே. எதிரிக்கும் தெரிந்து, இருவரும் பயன்படுத்தக்கூடிய நேரம்தான் போரைத் தடுக்கும். கூட்டணிகள் கட்டி இழுத்தன என்பதும் முழு விளக்கமாகாது. ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு ஒப்பந்தம் செய்திருந்த இத்தாலி 1914-ல் நடுநிலை என்றது. மறு ஆண்டு எதிரணியிலேயே சேர்ந்தது.

1962 அக்டோபரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது 16-ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தெரிந்தது. முதலில் எழுந்த யோசனை விமானத் தாக்குதல். ஆறு நாள் விவாதத்துக்குப் பின் அவர் கடல் முற்றுகையைத் தேர்ந்தார். குண்டு விழுந்தால் சோவியத் தலைவர் குருஷ்சேவ் உடனே திருப்பி அடித்தாக வேண்டும். முற்றுகை என்றால் கப்பல் வந்துசேரும் வரை இருவரும் யோசிக்கலாம். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவது என்ற ரகசியப் பேரமும் அந்த இடைவெளியில்தான் படிந்தது. 1914 பற்றி பார்பரா டக்மன் எழுதி 1962-லேயே வெளியான நூலைக் கென்னடி படித்திருந்தார் என்பதும் பதிவான செய்தி. மறு ஆண்டு வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைக்கப்பட்டது. பகைமை அப்படியேதான் இருந்தது, அவகாசம் கூடியது.

அணுகுண்டு இருக்கும்வரை பெரும்போர் வராது என்போர் இந்த அனுபவத்தையே சான்றாகக் காட்டுவார்கள். அணு ஆயுதம் அச்சத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தை அது குறைக்கவும் செய்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை இலக்கை அடைய ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியது. அது பழுதாகத்தான் இருக்கும் என்று அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் சரியாக ஊகித்தார். மோல்ட்கேவுக்கு நாட்கள் இருந்தன. பெத்ரோவுக்கு நிமிடங்களே இருந்தன.

ஆகவே இரு வல்லரசுகள் உரசும்போது யாரிடம் எத்தனை கப்பல் என்று எண்ணுவதைவிட, திரும்பப் பெற முடியாத உத்தரவுக்கு முன் தலைவர்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. 2022 ஆகஸ்டில் தைவான் விவகாரத்தில் சினம் கொண்ட சீனா, அமெரிக்காவுடனான ராணுவப் பேச்சுகளை நிறுத்தியது; மறு ஆண்டு நவம்பரில்தான் அவற்றைத் தொடர இணங்கியது. பேச்சு அதிகம் தேவைப்படும் வேளையில் அதையே தண்டனையாக நிறுத்துவது ஆபத்தான பழக்கம். மாறாக, எல்லைக் கோட்டருகே துப்பாக்கியால் சுடுவதைத் தடுக்கும் 1996 இந்திய-சீன உடன்படிக்கையைப் பாருங்கள். 2020 கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அந்த உடன்படிக்கை அவர்களைக் காக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. மறுநாள் தளபதிகள் பேசுவதற்கு இடம் மிச்சமிருந்தது.

1914-ன் அந்த ஒரு வாரத்துக்குச் சுமார் ஒரு கோடி சிப்பாய்களின் உயிர் விலையாயிற்று. சரயேவோவின் பெயரையே கேட்டிராத சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளை, செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பலின் குண்டுகள் எரித்தன. பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து அந்தப் போருக்கு அனுப்பப்பட்டார்கள். போட்டியாளர்களை நண்பர்களாக்குவது எந்த ராஜதந்திரத்தாலும் எளிதில் ஆகாது. நேரடித் தொலைபேசி, முன்னறிவிப்பு, சுடக்கூடாத எல்லை, பாதியில் நிறுத்தக்கூடிய ராணுவத் திட்டம் ஆகியவற்றுக்கு நட்பு தேவையில்லை. பகைவர்களும் கையெழுத்திடக்கூடிய ஏற்பாடுகள் அவை. கையெழுத்திட வேண்டியது நெருக்கடி வருவதற்கு முன்பு.