இரண்டு டின் தானியமும் தேயிலை மலையும்

“மலை முழுக்கப் பச்சையாத்தானே கிடக்கு மிஸ், இயற்கைக்கு என்ன கொறச்சல்?” ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். சமூகவியல் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சகோதரிகளே, இரண்டு டின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 100 மணி, 10 வகைத் தானியம். முதல் டின்னில் அரிசி மட்டும் 91. பயறு, கடலை, உளுந்து என்று மற்ற 9 வகையிலும் ஒவ்வொரு மணிதான். இரண்டாவதில் எல்லா வகையிலும் பத்துப் பத்து. வகையை எண்ணினால் இரண்டும் சமம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணிகளை எடுத்துப் பாருங்கள். முதல் டின்னில் 100 தடவைக்குச் சுமார் 83 தடவை இரண்டும் அரிசியாகவே வரும். மற்றதில் 9 தடவை அளவில்தான் ஒரே வகை சேர்ந்து வரும். இங்கிலாந்துப் புள்ளிவிபரவியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் 1949இல் தந்த அளவுகோல் இதுதான். ஒன்றாக வரும் வாய்ப்புக் குறையக் குறைய, அந்த இடத்தில் உயிர்ப் பல்வகைமை அதிகம். காட்டையும் கடலையும் ஆய்வாளர்கள் இன்றும் இப்படி அளக்கிறார்கள்.

நமது தேயிலை மலை அந்த முதல் டின். வீ.பி. தேயிலை என்றால் இன்னும் ஒருபடி மேல்: ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வெட்டி நட்டு வளர்த்தவை, செடிக்குச் செடி வித்தியாசமே கிடையாது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. மலைக்கு மலை ஒரே பயிர், பூஞ்சணத்துக்குத் தடையே இல்லை. ஏறக்குறைய 20 வருடங்களில் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. கோப்பிக்கென்று வந்த நம் பாட்டன் பாட்டிமார் தேயிலைக்கு மாறிய கதை இது. நட்டது மறுபடியும் ஒரே பயிர்தான்!

நாமும் அளந்து பார்க்கலாம். நான்கு குச்சி, கொஞ்சம் கயிறு; ஒரு மீற்றர் சதுரம். மருந்தடித்த மலையில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று. உள்ளே எத்தனை வகைச் செடி, ஒவ்வொன்றும் எத்தனை என்று கொப்பியில் குறிக்க வேண்டும். ஒரு சதுரம் போதாது, பல இடங்களில் போட வேண்டும். பெயர் தெரியாவிட்டால் ‘வகை 1’, ‘வகை 2’ என்று எழுதினால் போதும்.

அந்த அக்காவுக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை. கான் ஓரத்தில் சதுரம் போட்டதுமே பெயர்களை அடுக்கினார். கறிக்குப் பறித்த மணத்தக்காளியைத்தான் காணவில்லை. மருந்தடிக்கத் தொடங்கிய பிறகு ஓடைக்கரைக்குப் போய்த்தான் பறிக்கிறாராம்.