பட்டினிக் காலத்து ஓலைகள்

கள்ளைப் புளிக்க வைப்பதும் ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். மதுவிலக்குப் பிரசாரகர்களுக்கு இதன்மேல் கோபம் இருப்பது நியாயமே. ஆயினும் ஜீவ சாஸ்திரத்துக்கு இது செய்துவரும் தொண்டைக் கருதி அந்தக் குற்றத்தை மன்னித்துவிடலாம்.

ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 200 ஈஸ்ட் உயிரணுக்களை வரிசையாக நிறுத்தலாம். அத்தனை சிறிய உடலுக்குள்ளும் ஒரு ராஜாங்கமே நடக்கிறது. உட்கருவில் பத்திரமாக இருக்கும் மூலப் பட்டயம் டி.என்.ஏ. அதிலிருந்து வேண்டிய பகுதியைப் படியெடுத்து வெளியே அனுப்பும் ஓலையே தூது ஆர்.என்.ஏ. ரிபோஸோம் என்னும் பட்டறைகள் ஓலையை வாசித்து, அதன்படி புரோட்டீன்களைச் செய்கின்றன. வேலை தீர்ந்த ஓலையை அழிக்க வேண்டுமல்லவா? அதன் தலைப்பிலுள்ள முத்திரையை ஒரு புரோட்டீன் கழற்றும்; மற்றொன்று தலையிலிருந்து அரித்துத் தீர்க்கும்.

இவ்வேலைக்குரிய புரோட்டீன்கள் சிறு மணிகளாகத் திரண்டிருப்பதையும், அழிந்துகொண்டிருக்கும் ஓலைகள் அம்மணிகளிலேயே இருப்பதையும் 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிஸோனா ஸர்வகலாசாலையில் ஷேத், பார்க்கர் என்ற இருவர் கண்டார்கள். ‘பி’ மணிகள் என்று அவற்றுக்குப் பெயர். ஓலைகளின் சுடுகாடு அகப்பட்டுவிட்டது என்றே தோன்றியது.

ஈஸ்டைப் பட்டினி போட்டுப் பார்த்தபோது கதை மாறிற்று. குளுகோஸை நீக்கிய சில நிமிஷங்களில் பட்டறைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. மணிகளோ பருத்துப் பெருகுகின்றன. சர்க்கரையைத் திரும்பக் கொடுத்தால் மணிகள் சுருங்குகின்றன. உள்ளே போன ஓலைகளில் ஒரு பகுதி அழியாமல் மீண்டு, மறுபடியும் பட்டறையில் ஏறுவதை 2005-இல் பார்க்கர் குழுவினர் காட்டினர். சுடுகாடு என்று எண்ணிய இடம் பஞ்சகாலக் களஞ்சியமாகவும் இருந்தது!

இக்களஞ்சியத்துக்குச் சுவரும் இல்லை, தோலும் இல்லை. ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த் துளிகள் ஒன்றுகூடுவதைக் கண்டிருக்கிறோம், ஏறக்குறைய அவ்விதந்தான். பட்டறையை விட்டு இறங்கிய ஓலைகளைப் புரோட்டீன்கள் பற்றிக்கொள்கின்றன. அப்புரோட்டீன்கள் தமக்குள்ளும் பற்றிக்கொள்கின்றன. எட்ஸி3 என்பது இரண்டிரண்டாகப் பிணையும், எல்.எஸ்.எம்.4 என்பதற்கு ஒட்டும் வால் உண்டு. ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. பல பிடிகள் சேரும்போது துளி திரள்கிறது. இவ்விரண்டின் பிடிகளையும் நீக்கினால் மணிகள் கண்ணுக்குத் தெரியும்படி திரள்வதில்லை. ஆனால் ஓலைகள் அழிவது மட்டும் நிற்கவில்லை என்று 2007-இல் தெரிந்தது. கூட்டம் வேறு, காரியம் வேறு; பொதுக்கூட்டங்களை நிறையப் பார்த்த நமக்கு இது விளங்காத விஷயமன்று.

கடுஞ்சூடு போன்ற ஆபத்துகளில் ஈஸ்டில் வேறொரு வகை மணிகளும் தோன்றும். இவை கெட்டியானவை. இவற்றைப் பிரித்துக் கரைக்க ஹெச்.எஸ்.பி.104 என்ற புரோட்டீன் உதவுகிறது. மனிதருக்கு அந்தப் புரோட்டீன் இல்லை. தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். என்ற கொடிய நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு, ஆர்.என்.ஏ.யைப் பற்றும் டி.டி.பி.43 என்னும் புரோட்டீன் நரம்பணுக்களில் கட்டிதட்டிக் கிடக்கிறது. அதை ஈஸ்டுக்குள் புகுத்தினால் அங்கும் கட்டிதட்டி அதன் வளர்ச்சியைக் கெடுக்கிறது. 2014-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஹெச்.எஸ்.பி.104-ஐச் சற்றே மாற்றி அமைத்து, ஈஸ்டில் அக்கட்டிகளைக் கரைத்தார்கள். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக அது இன்னும் வந்துசேரவில்லை.