மரச்சீனியும் கணைய நோயும்

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. காரணத்தை முற்ற ஆராயுமுன் ஓர் உணவின்மீது பழி சுமத்தினால் என்ன நேரும் என்பதற்கு நம் மரச்சீனிக் கிழங்கே சான்றாகும்.

கடியப்பட்டணம் முதலிய கடற்கரை ஊர்களில் மரச்சீனியும் சாளைமீன் கறியும் அறியாத வீடு இல்லை எனலாம். இக்கிழங்குப் பயிரைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பர்மா அரிசி வரவு நின்றபோது ஏழைகளின் பசி தணித்தது இதுவே. 1956-இல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இவ்வுணவுப் பழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை.

இரைப்பைக்குப் பின்னே அமைந்த கணையம், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளையும், குருதியிலுள்ள சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் சுரக்கிறது. குடலுக்குச் சென்ற பின் செயற்பட வேண்டிய நொதிகள் கணையத்துள்ளேயே விழித்துக்கொண்டால், அவை அவ்வுறுப்பையே அரிக்கத் தொடங்குகின்றன. இதுவே கணைய அழற்சி.

இந்நோயின் ஒருவகை சிறு வயதிலேயே தோன்றுவது. மேல்வயிற்றில் எழும் வலி முதுகுவரை பரவும். நின்று மீண்டும் வரும். ஆண்டுகள் செல்லக் கணைய நாளத்தில் கற்கள் படியும், நீரிழிவும் தொடரும். 1959-இல் சூய்டெமா என்னும் மருத்துவர் இந்தோனேசியாவில் ஊட்டக்குறைவுற்ற நோயாளிகளிடம் இதனைக் கண்டு எழுதினார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் மிகப் பலரிடம் இதனைக் கண்டு விரிவாக ஆராய்ந்தார்.

மரச்சீனியில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். கந்தகம் கலந்த புரதச் சத்தைக் கொண்டே உடல் அந்நஞ்சை முறிக்கிறது. புரதம் குன்றிய ஏழையின் உடலில் நஞ்சு தங்கிக் கணையத்தைக் கெடுக்கலாம் என்று மெக்மில்லனும் கீவர்கீசும் 1979-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். கருதுகோள் நாளடைவில் முடிந்த முடிபாகவே பலராலும் கொள்ளப்பட்டது.

ஆயின், மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. அதனையே முதன்மை உணவாகக் கொண்ட ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலோ இது பெருகக் காணவில்லை. 2002-இல் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் பங்குகொண்ட ஆய்வு மற்றொரு காரணத்தைக் காட்டியது. நொதி கணையத்துள் விழிக்காமல் தடுக்கும் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவின் மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருந்தது. காவலன் தளர்ந்தால் வீட்டிற்குள்ளேயே தீப்பற்றும் நிலை அது. ஊட்டக்குறைவு போன்ற புறக்காரணங்களின் பங்கு இன்றும் ஆராயப்பட்டு வருகிறது.

காரணம் வேறாயின் மருத்துவமும் வேறாகும் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். பித்தப்பைக் கல்லால் வந்த அழற்சிக்குப் பித்தப்பையை அகற்றுவர். மதுவால் வந்ததாயின் மதுவை அறவே விடுதல் வேண்டும். குருதியில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினாலும் கணையம் திடீரென அழலும். அப்போது உணவை நிறுத்தி, நாளத்தின் வழியே நீர் ஏற்றி, தேவைப்படின் இன்சுலின் செலுத்தி அக்கொழுப்பைக் குறைப்பர். நாம் மேலே கண்ட நாட்பட்ட நோய்க்கோ, நொதி மாத்திரைகளும் இன்சுலினும் துணைசெய்யும். கற்களை அதிர்வலையால் உடைத்தும், அறுவை செய்தும் நீக்குவர். உரிய மருத்துவம் பெறுவோர் இன்று நெடுநாள் வாழ்கின்றனர். ஆயினும் அவர்கட்குத் தொடர்ந்த கண்காணிப்பு தேவை.

ஆகவே, மரச்சீனியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டுவதில்லை. தோல் நீக்கி நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் நம் தாய்மார்களின் வழக்கம் நஞ்சினைப் பெரிதும் குறைக்கிறது. உடன் உண்ணும் மீன் வேண்டிய புரதத்தைத் தருகிறது. மாச்சத்து மிக்கதாதலின் நீரிழிவு உடையோர் மட்டும் அளவறிந்து உண்க.

பெற்றோர் கருத வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைக்கு மேல்வயிற்று வலி மீண்டும் மீண்டும் வருமாயின், கிழங்கின்மீதோ வாயுவின்மீதோ பழிபோட்டு நாள் கடத்தலாகாது. கிழங்கை நிறுத்திவிட்டோம் என்று மனநிறைவு கொள்ளும் வீட்டில், பிள்ளையின் கணையத்தில் கல் வளர்ந்துகொண்டிருக்கலாம். மருத்துவரை நாடிக் காரணம் அறிவதே அறிவுடைமை.